ஐந்து மில்லிகிராம் அலுமினியம்



போன வாரம் நம் பழைய மாணவியர் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். புது வீட்டுக்குக் குழாய் வாங்க ஈ.சி.ஆரில் ஒரு கடைக்குப் போனாளாம். தங்க நிறத்தில் பளபளவென்று ஒரு குழாய். "இது பி.வி.டி. கோட்டிங் மேடம், ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது" என்றாராம் கடைக்காரர். விலை சாதாரணக் குழாயைவிட மூன்று மடங்கு. "மிஸ், பி.வி.டி.ன்னா என்ன? நம்பி வாங்கலாமா?" என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே ஆளுக்கு ஒரு பதில். ஒருத்தி அது ஒரு வகைப் பெயிண்ட் என்றாள். இன்னொருத்தி தங்க முலாம் என்றாள். இரண்டும் இல்லை.

நாலு வரியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் பள்ளித் தொலைநோக்கி சம்பந்தமாக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். பிராக்டிகல் வகுப்பில் பொறுமை இல்லாதவர்களுக்கு என்ன ரீடிங் வந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

இட்லிப் பானையிலிருந்து ஆரம்பிப்போம். அடியில் தண்ணீர் கொதிக்கிறது. ஆவி மேலே போகிறது. மூடியில் பட்டதும் குளிர்ந்து துளியாகப் படிகிறது. இதில் ரசாயன மாற்றம் எதுவும் இல்லை. தண்ணீர் ஆவியானது, மறுபடி தண்ணீரானது, அவ்வளவுதான். இப்போது தண்ணீருக்குப் பதிலாக அலுமினியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்கி, எதிரே ஒரு கண்ணாடியை வைத்தால் அதன்மேல் அலுமினியம் படியும். திரவத் துளியாக அல்ல, நேரே திடப் பொருளாக, அணு அணுவாக. பி.வி.டி. என்பதன் பொருள் இதுதான்: இயற்பியல் முறையில் ஆவியைப் படியவைத்தல். இப்படிப் படிந்த மெல்லிய பூச்சுக்கு மென்படலம் என்று பெயர்.

அப்படியானால் இதை வீட்டு அடுப்பிலேயே செய்யலாமே என்று எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்வி. தடை சூடு மட்டும் அல்ல, காற்றுதான் பெரிய தடை. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின்மேல் மோதாமல் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுமார் 70 நானோமீட்டர். பிளஸ் டூவில் சராசரி மோதலிடைத் தூரம் என்று படித்தீர்களே, அதேதான். தி. நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடப்பது மாதிரி. அலுமினிய அணு கிளம்பின இடத்திலேயே இடிபட்டு, ஆக்சிஜனோடு சேர்ந்து, அல்லது தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கரிப்பொடி மாதிரி உதிரும். கண்ணாடி வரைக்கும் போய்ச் சேராது.

அதனால் முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும். இரும்பிலோ கனத்த கண்ணாடியிலோ ஒரு மூடிய கலம். ஒரு ரோட்டரி பம்ப் முதல் கட்டமாகக் காற்றை இழுக்கும். அதற்குமேல் அதனால் முடியாத இடத்தில் இன்னொரு பம்ப் வேலையை எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் எண்ணெயைச் சூடாக்கி அந்த ஆவியின் வேகத்தால் காற்று மூலக்கூறுகளைக் கீழே தள்ளும் டிஃப்யூஷன் பம்ப். அந்த எண்ணெய் ஆவி கலத்துக்குள் திரும்பி வந்துவிடாமல் இருக்க, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றி ஒரு தடுப்பு. கடைசியில் உள்ளே மிச்சம் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அந்த நிலையில் ஒரு மூலக்கூறு ஆறேழு மீட்டர் தூரம் யார்மேலும் மோதாமல் போகும். கலமே ஒரு மீட்டர்தான். ஆகவே அலுமினிய அணு புறப்பட்டால் நேராகக் கண்ணாடியில் போய்த்தான் நிற்கும்.

வெற்றிடத்தால் இன்னொரு லாபமும் உண்டு. திறந்த வெளியில் அலுமினியம் கொதிக்க 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும். காற்றழுத்தம் இல்லாத இடத்தில் 1,200 டிகிரி அளவிலேயே மளமளவென்று ஆவியாகும். ஊட்டியில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது, பருப்பு வேகவில்லை என்று என் நாத்தனார் புலம்புவாரே, அந்த நியாயம்தான்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 1985-ம் ஆண்டு பிளஸ் ஒன் முடித்த பெண்கள் இதைப் படித்தால் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஹாலி வால்நட்சத்திரம் வரப்போகிறது என்று எல்லாப் பத்திரிகையிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 76 வருஷத்துக்கு ஒருமுறை வருவது. நம் பள்ளியில் தொலைநோக்கி கிடையாது. வாங்கப் பணமும் கிடையாது. செய்துவிடலாம் என்று ஐந்து பெண்கள் முன்வந்தார்கள். பாரிமுனையில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் 6 அங்குல வட்டக் கண்ணாடி இரண்டு வாங்கினோம். கப்பல் ஜன்னலுக்குப் போடும் தடிமனான கண்ணாடி. கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஒரு தகர டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கண்ணாடியைப் பொருத்தி, கார்பொரண்டம் பொடியையும் தண்ணீரையும் போட்டு, இன்னொரு கண்ணாடியை மேலே வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றி நடக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க மேல் கண்ணாடி குழியாகும், கீழ்க் கண்ணாடி மேடாகும். கோவிலில் பிரதட்சிணம் வருகிற மாதிரி இருக்கிறது என்று வாட்ச்மேன் சொல்லிக்கொண்டு போவார்.

4 அடிக் குவியத் தொலைவுக்கு நடுவில் வேண்டிய குழி எவ்வளவு? 1.2 மில்லிமீட்டர். அதுவரை கரடுமுரடான பொடி, பிறகு நைசான பொடி, பிறகு இன்னும் நைசு. கடைசியில் கீல் பரப்பிய அச்சின்மேல் சீரியம் ஆக்சைடு போட்டு மெருகேற்றுதல். இதற்கு மட்டும் நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு பிளேடு முனையை வைத்துச் செய்கிற ஃபூக்கோ சோதனை. லியோன் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1858-ல் கண்டுபிடித்தது. ஒரு டார்ச் பல்பும் சவர பிளேடும் போதும், கண்ணாடிப் பரப்பில் ஒளி அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு மேடு பள்ளம்கூட நிழலாகத் தெரிந்துவிடும். விரல் சூடு பட்டாலே அந்த இடம் மேடாகத் தெரியும். முதன்முறை அதைப் பார்த்தபோது அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஐந்து பேரில் ஒருத்தியின் கைதான் சரியாக வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், அவளே இதைப் படிப்பாள். அவள் அப்பா மந்தைவெளியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். பள்ளி விட்டதும் இவளும் பெட்டி போடுவாள். எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது அவள் முழங்கைக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் தேய்த்தால் ஓரம் சரிந்துவிடும். இவள் தேய்த்தால் நிழல் ஒரே சீராக வரும்.

குழியாடி தயார். ஆனால் அது வெறும் கண்ணாடி. வெறும் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் 4 பங்கைத்தான் திருப்பி அனுப்பும். மிச்சம் ஊடுருவிப் போய்விடும். அதன்மேல் அலுமினியம் ஏறினால் 90 பங்கு திரும்பும். நகரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் தெரிந்தவர் மூலமாக அனுமதி வாங்கி, இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பாதி நாள் கழுவுவதற்கே போனது. சோப்பு, அமிலம், காரம், வடிநீர். கழுவிய கண்ணாடிமேல் அந்த டெக்னீஷியன் மெல்ல வாயால் ஊதினார். மூச்சு ஒரே சீராகப் பனிபோல் படிந்து, ஒரே சீராக மறைந்தால் சுத்தம். திட்டுத் திட்டாகப் படிந்தால் எங்கோ எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. "விரல் ரேகை ஒண்ணு இருந்தாலும் போதும்மா, அந்த இடத்தில மட்டும் உரிஞ்சுக்கிட்டு வந்துரும்" என்றார். மூன்றாவது முறைதான் திருப்தியானார்.

ஒரு பெரிய கண்ணாடி மணி ஜாடி. மேலே நம் குழியாடி, முகம் கீழே பார்க்க. கீழே டங்ஸ்டன் கம்பிச் சுருள். அதில் சின்னச் சின்ன அலுமினியக் கம்பித் துண்டுகளைக் கொக்கி மாதிரி மடித்து மாட்டினார்கள். டங்ஸ்டன் 3,400 டிகிரி வரை உருகாது, அதனால் அதுதான் அடுப்பு. பம்ப் ஓட ஆரம்பித்தது. இடையில் உயர் மின்னழுத்தம் கொடுத்தார்கள், ஜாடி முழுக்க ஊதா வெளிச்சம். மிச்சம் இருக்கும் வாயு அயனிகள் கண்ணாடியை இடித்து இடித்துக் கடைசி அழுக்கையும் எடுப்பதற்கு. பிறகு மறுபடி பம்ப். இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம்.

பிறகு சுருளில் மின்சாரம். சிவந்தது, வெளுத்தது. அலுமினியத் துண்டுகள் உருகி டங்ஸ்டன்மேல் வழிந்து ஒட்டிக்கொண்டன. முதலில் வரும் ஆவியில் அழுக்கு இருக்கும் என்று ஒரு தகட்டால் மறைத்து வைத்திருந்தார்கள். தகடு விலகியது. நாங்கள் மேலே இருந்து குழியாடி வழியாகவே சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வெளிச்சம் மங்கி, நீலமாகி, மறைந்தது. சில விநாடிகள்தான். மெதுவாகச் செய்யக்கூடாது, செய்தால் மிச்சம் இருக்கிற ஆக்சிஜன் உள்ளே கலந்து பூச்சு மங்கிவிடும். ஏழெட்டு மாத வேலைக்கு நாலைந்து விநாடியில் முகம் வந்தது.

அன்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட வைத்தேன். பூச்சின் தடிமன் 100 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்கு. 6 அங்குல வட்டத்தின் பரப்பு 182 சதுர சென்டிமீட்டர். அலுமினியத்தின் அடர்த்தி 2.7. பெருக்கிப் பாருங்கள். 5 மில்லிகிராம். அந்தக் கண்ணாடியைக் கண்ணாடியாக்குவது ஐந்து மில்லிகிராம் அலுமினியம். ஒரு மாத்திரையின் ஓரத்தில் உதிர்கிற தூள்கூட அதைவிட அதிகமாக இருக்கும்.

1986 மார்ச்சில், விடிவதற்கு முன்னால், பெசன்ட் நகர் கடற்கரையில் தென்கிழக்கே கடலுக்குமேல் ஹாலியைப் பார்த்தோம். பத்திரிகைப் படம் மாதிரி எல்லாம் இல்லை. பஞ்சை லேசாகப் பிய்த்து வைத்த மாதிரி. ஆனாலும் வரிசையில் நின்று பார்த்த மீனவப் பெண்கள் உட்பட யாரும் ஏமாந்ததாகச் சொல்லவில்லை.

அதே 1986 ஜனவரி 6-ம் தேதி நம் தமிழ்நாட்டில் ஜவ்வாது மலை காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதைக் கனவு கண்டு தொடங்கிய வேணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கும் அந்த ஆய்வகத்துக்கும் அவர் பெயர்தான். அதன் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் சொந்தப் பட்டறையில். அதற்கும் பூச்சு இதே அலுமினியம், இதே ஆவி முறை. பெரிய கண்ணாடி என்பதால் ஒரே ஒரு சுருள் போதாது. ஆவி விளக்கொளி மாதிரி எல்லாத் திசையிலும் போகும், தூரம் கூடினால் குறையும். அதனால் வட்டமாகப் பல சுருள்களை அமைத்தால்தான் ஓரத்திலும் நடுவிலும் ஒரே தடிமன் வரும். அந்தப் பிரம்மாண்டமான கண்ணாடிக்கு எவ்வளவு அலுமினியம் என்று அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்தேன். விடை ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடி, அதைச் சுமக்கும் இரும்பு, அந்தக் கட்டடம், அந்த மலைப்பாதை எல்லாமே ஒரு கிராம் அலுமினியத்தைச் சரியான வடிவத்தில் நிறுத்தி வைப்பதற்குத்தான்.

அந்த ஒரு கிராம் நிரந்தரம் இல்லை. தூசி, ஈரம், பூச்சி, பனி எல்லாம் சேர்ந்து அதை மங்கச் செய்யும். அப்போது கண்ணாடியை இறக்கி, பழைய பூச்சை ரசாயனத்தில் கரைத்து எடுத்துவிட்டு, வெற்றிடக் கலத்தில் வைத்துப் புதிதாக ஏற்றுவார்கள். அதற்கான கலம் காவலூரிலேயே இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் ரசாயன முறையில் வெள்ளி பூசினார்கள், அது சீக்கிரம் கறுத்துவிடும். 1930-களில் அமெரிக்காவில் ஜான் ஸ்ட்ராங் என்பவர் அலுமினியத்தை ஆவியாக்கிப் பூசும் முறையைப் பெரிய கண்ணாடிகளுக்குக் கொண்டுவந்தார். மவுண்ட் வில்சனில் இருந்த 100 அங்குலக் கண்ணாடிக்கு 1935-ல் அலுமினியம் ஏறியது. அலுமினியத்தின் நல்ல குணம், காற்று பட்டதுமே தன்மேல் தானே சில நானோமீட்டர் ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். அது கண்ணுக்குத் தெரியாது, ஒளியைத் தடுக்காது, உள்ளே இருப்பதைக் காக்கும்.

சரி, குழாய் விஷயத்துக்கு வருவோம். ஆவியாக்குவதற்குச் சூடு ஒரு வழி. இன்னொரு வழி இடித்துப் பெயர்ப்பது. கலத்துக்குள் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு, மின்சாரத்தால் அதை அயனியாக்கி, உலோகத் தகட்டின்மேல் மோதவிடுவார்கள். கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் காய்களைச் சிதறடிக்கிற மாதிரி உலோக அணுக்கள் தெறித்து எதிரே இருப்பதன்மேல் படியும். இதற்கு ஸ்பட்டரிங் என்று பெயர். 1852-லேயே வில்லியம் குரோவ் என்ற விஞ்ஞானி இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். உத்தராகண்ட் தேவஸ்தலில் 2016-ல் திறந்த 3.6 மீட்டர் தொலைநோக்கிக் கண்ணாடிக்கு இந்த முறையில்தான் அலுமினியம் ஏற்றுகிறார்கள். அந்த இயந்திரத்தைச் செய்தது பெங்களூரின் ஹிந்த் ஹை வாக்யூம் நிறுவனம்.

இதே கலத்தில் டைட்டேனியத் தகட்டை வைத்து, ஆர்கானோடு கொஞ்சம் நைட்ரஜனையும் விட்டால், இரண்டும் சேர்ந்து டைட்டேனியம் நைட்ரைடாகப் படியும். அதன் நிறம் தங்க நிறம். சிர்கோனியம் வைத்தால் பித்தளை நிறம். குழாய்மேல் இருப்பது இந்த வகை. தங்கம் துளிகூட இல்லை. ஆனால் எஃகைவிடப் பல மடங்கு கடினம். அம்பத்தூர் பட்டறைகளில் தங்க நிற டிரில் பிட் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதுதான்.

அப்படியானால் கடைக்காரர் சொன்னது உண்மையா? பாதி உண்மை. அந்தப் படலம் துருப்பிடிக்காது. ஆனால் எவ்வளவு நல்ல படலத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் இருக்கும். நம் உப்புக்காற்று அதன் வழியே உள்ளே போய் அடி உலோகத்தை அரிக்கும். அடியில் நல்ல பித்தளையும் அதன்மேல் ஒழுங்கான நிக்கல், குரோமியப் பூச்சும் இருந்தால் வருஷக்கணக்கில் நிற்கும். அடியில் மட்டமான கலப்பு உலோகம் என்றால் மேலே என்ன பூசினாலும் கொப்புளம் கிளம்பும். ஆகவே அம்மா, கடையில் நிறத்தைக் கேட்காதே, அடியில் என்ன உலோகம் என்று கேள். குழாயைக் கையில் தூக்கி எடை பார். பீதாம்பரியும் கம்பி நாரும் அதன் பக்கத்திலேயே போகக்கூடாது.

உங்கள் வீட்டிலேயே இந்த வித்தை நிறைய இருக்கிறது. சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கிறதே, அது பிளாஸ்டிக் தாள்மேல் ஆவியாய்ப் படிந்த அலுமினியம். கிழித்துக் கழுவி டியூப்லைட் பக்கம் பிடித்துப் பாருங்கள், லேசாக வெளிச்சம் ஊடுருவும். (பேரப் பிள்ளைகள் அதை வைத்துச் சூரியனைப் பார்க்க விடாதீர்கள், கண் போய்விடும்.) அசல் காஞ்சிபுரம் ஜரிகை பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டிழை சுற்றித் தங்க முலாம் பூசியது. மலிவான புடவையில் வரும் பிளாஸ்டிக் ஜரிகை, அலுமினிய ஆவி படிந்த பாலியஸ்டர் தாளை இழை இழையாக வெட்டியது. உங்கள் மூக்குக் கண்ணாடியில் பச்சையாக ஒரு பளபளப்பு தெரிந்தால் அதுவும் வெற்றிடக் கலத்தில் ஏறிய படலம்தான், ஒளி எதிரொளிக்காமல் இருக்க.

இனி நம் தொலைநோக்கிக்கு வருகிறேன். நான் ஓய்வுபெற்ற வருஷம் ஆய்வுக்கூடத்தைப் புதுப்பித்தார்கள். பழைய சாமான் பட்டியலில் அதுவும் இருந்தது. எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, பாலவாக்கம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மொட்டை மாடியில் எத்தனையோ பிள்ளைகள் அதில் சனியின் வளையத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடந்துபோகிற தூரம். இங்கே கிரில் கதவு மூன்று வருஷம் தாங்காது. குளியலறைக் கண்ணாடி ஓரம் கறுக்கும். மின்விசிறித் திருகாணி கழற்ற வராது. அந்த ஐந்து மில்லிகிராம் எம்மாத்திரம்? உப்பில் உள்ள குளோரைடு, அலுமினியம் போர்த்திக்கொண்ட ஆக்சைடையே துளைத்துவிடும். முதலில் ஊசி முனை அளவில் புள்ளிகள். பிறகு ஓரத்தில் வெண்படலம். பிறகு நிலவைத் தவிர எதுவும் தெரியவில்லை.

போன வருஷம் ஒரு இடத்தில் மறுபூச்சுக்குக் கொடுத்தேன். பளபளவென்று வந்தது. ஒட்டுநாடாவை மெல்ல ஒட்டி எடுத்தால் பூச்சும் கூடவே வந்தது. கழுவாமல் அவசரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். "பேசாம புதுசு ஒண்ணு வாங்கிக்கங்க மேடம், சீனாவில இருந்து வருது" என்று பதில் வந்தது.

இதைக் கேள்விப்பட்டு அவள் வந்தாள். இஸ்திரி வண்டிக்காரர் மகள். பிளஸ் டூ முடித்ததுமே கல்யாணம். பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்க வேண்டும் என்று விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தாள். நானும் போய் அவள் அப்பாவிடம் பேசினேன். அவருக்கு அவர் கஷ்டம், கீழே இன்னும் இரண்டு பெண்கள். இப்போது இவளுக்கு வயது 56. பெண்ணை இன்ஜினீயர் ஆக்கியிருக்கிறாள். திருவான்மியூரில் மாவு அரைத்து விற்கிறாள்.

என் சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கண்ணாடியை வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, நீர்த்த காரக் கரைசலை ஊற்றினோம். குமிழ் குமிழாக ஹைட்ரஜன் வந்தது. இரண்டே நிமிடம். பூச்சு போய்விட்டது. அவள் கண்ணாடியை வடிநீரில் கழுவி எடுத்து, பழைய ஃபூக்கோ சோதனையை மறுபடி செய்து பார்க்கலாமா மிஸ் என்றாள். இருட்டு அறை, செல்போன் விளக்கு, பிளேடு. நிழல் ஒரே சீராக இருந்தது. நாற்பது வருஷத்தில் ஒரு இழைகூட மாறவில்லை. உப்பு, ஈரம், மறுபூச்சு என்று எல்லாம் மேலோடு போய்விட்டன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் தேய்ச்சது அப்படியேதான் இருக்கு மிஸ்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அவளே மூன்று முறை கழுவி, ஊதிப் பார்த்து, சுத்தமான பெட்டியில் வைத்து, அவள் மருமகன் காரில் வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனாள். இந்தமுறை அலுமினியத்துக்குமேல் சிலிக்கான் ஆக்சைடு காப்புப் படலமும் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒட்டுநாடாச் சோதனையில் தேறிவிட்டது.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கம்பிகளையும் கடற்காற்று தின்றுவிட்டது. இடித்துக் கட்டப்போகிறார்கள். தை மாதம் நான் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன். தொலைநோக்கியை இரண்டு இடத்தில் கேட்கிறார்கள். ஒன்று, ஒரு பெரிய பள்ளி. நுழைவாயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏ.சி.யில் வைத்து, நம் எல்லார் பெயரையும் பொறித்து வைக்கிறேன் என்கிறார்கள். மரியாதையான யோசனை. பூச்சு பல வருஷம் கெடாது. இன்னொன்று, ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு அரசுப் பெண்கள் பள்ளி. நம் மாணவி ஒருத்தி அங்கே இயற்பியல் ஆசிரியை. இருட்டான வானம். வாரம் ஒருநாள் இரவு வெளியே எடுத்து வைப்போம் மிஸ் என்கிறாள். பனியும் தூசியும் பட்டு ஐந்தாறு வருஷத்தில் பூச்சு போய்விடும்.

நான் யோசித்து முடிவு செய்துவிட்டேன். மலையடிவாரத்துக்குத்தான் போகிறது. பூச்சு போவதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. அது போகத்தான் செய்யும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். காவலூரில் அவ்வளவு பெரிய கண்ணாடிக்கே அப்படித்தான் செய்கிறார்கள். பெட்டிக்குள் இருந்தால் அந்தக் கண்ணாடியை அவள் எதற்குத் தேய்த்தாள் என்பதற்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

ஆனால் மறுபூச்சுச் செலவு அந்தப் பள்ளியால் முடியாது. அடுத்த மறுபூச்சுக்கு நான் இருப்பேனா என்பதும் தெரியாது. எனவே உங்களில் நாலைந்து பேர் சேர்ந்து, ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி, கொண்டுபோய், பூசி, திரும்ப மாட்டும் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். பணம் மட்டும் அனுப்புகிறேன் என்பவர்கள் வேண்டாம், கூடவே ஒருமுறையாவது போய் வருகிறவர்கள் வேண்டும். முதல் பெயர் மாவுக்கடைக்காரியுடையது, கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் மெசஞ்சரில் எழுதுங்கள்.

பொறுப்பு எடுக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். தூசி படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். வடிநீரை மெல்ல ஓடவிட்டு, சாய்த்து வைத்துக் காயவிடுங்கள். வேலை முடிந்ததும் மூடி போட மறக்காதீர்கள்.